நான்கிலும் ஏழு

‘எத்தனை நாளில் ஏழு எடுக்கலாம், டீச்சர்?’

நாகர்கோவிலில் என் வகுப்புக்கு வரும் நர்சுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் மாடிப்படி ஏறி வருவார்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரை பேண்ட். பிரிட்டனில் நர்சாகப் பதிவு செய்ய வெகுகாலம் நான்கிலும் ஏழு கேட்டார்கள். மூன்றில் எட்டும் ஒன்றில் ஆறரையும் எடுத்தால் சராசரி ஏழரை வரும். ஆனாலும் அன்று பதிவு கிடைக்காது.

நான் நாள் கணக்குச் சொல்வதில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நேற்றைய டூட்டியில் நடந்ததை ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்பேன். அந்தப் பக்கத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஆங்கிலமே தெரியாமல் யாரும் நர்சிங் முடித்திருக்க முடியாது. பாடப்புத்தகம், கேஸ் ஷீட், மருந்துப் பெயர், டாக்டரின் குறிப்பு எல்லாமே ஆங்கிலம். ஆனால் வார்டில் அது துண்டு துண்டாகப் புழங்குகிறது. ‘பிபி செக்டு’, ‘டாக்டர் இன்ஃபார்ம்டு’, ‘பேஷன்ட் ஷிஃப்டட்’. எழுவாயும் இல்லை, யார் எப்போது செய்தார் என்பதும் இல்லை. அந்தத் துண்டுகளைக் கோத்து முழு வாக்கியமாக்கி, கேட்ட கேள்விக்குப் பதிலாக நிறுத்துவதுதான் பயிற்சி. அதற்கு எத்தனை நாள் என்பது அந்தப் பக்கத்தைப் பொறுத்தது.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தபோது நர்சுகள் இல்லை. 1990களில் பாளையங்கோட்டையில் நான் சொல்லிக்கொடுத்தது டோஃபல். வந்தவர்கள் அமெரிக்காவில் எம்எஸ் படிக்கப் போகும் என்ஜினியரிங் மாணவர்கள். அன்றைய டோஃபலுக்கு உச்ச மதிப்பெண் 677. கேட்பது, வாக்கிய அமைப்பு, வாசிப்பு என்று மூன்று பகுதி. எல்லாம் வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கும் வினாக்கள். பேச்சு என்ற பகுதியே அதில் கிடையாது. 2005இல் இணையவழித் தேர்வு வந்தபோதுதான் டோஃபலுக்குள் பேச்சு நுழைந்தது. அதுவரை ஒரு பையன் வாயைத் திறக்காமலே 600க்கு மேல் எடுத்து விமானம் ஏறிவிடலாம். ஏறினார்கள். போய்ச் சேர்ந்து முதல் செமஸ்டரில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்க நாக்கு எழவில்லை என்று நீலநிற ஏர்மெயில் தாளில் எனக்கு எழுதியிருக்கிறார்கள். மதிப்பெண்ணுக்கும் மொழிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை எனக்கு முதலில் காட்டியவை அந்தக் கடிதங்கள்.

2000ஐ ஒட்டி பிரிட்டனின் அரசு ஆஸ்பத்திரிகள் வெளிநாட்டு நர்சுகளைப் பெருமளவில் எடுக்கத் தொடங்கின. குமரி மாவட்டத்தில் நர்சிங் படித்த பெண் இல்லாத தெரு குறைவு. அதுவரை அவர்களுக்கு வெளிநாடு என்றால் வளைகுடா. அங்கே போக நர்சிங் பாட அறிவைச் சோதிக்கும் தேர்வு போதும். ஆங்கிலத்துக்கென்று தனித் தேர்வு வேண்டாம். பிரிட்டன் என்றதும் ஐஇஎல்டிஎஸ் வந்தது. 1989இல் தொடங்கிய இந்தத் தேர்வை அப்போது எங்கள் பக்கம் பலரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. தேர்வு எழுதச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். பயிற்சிக்குக் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட மாதிரித் தேர்வுப் புத்தகமும் அதோடு வரும் கேசட்டும்தான் எங்களுக்கு எல்லாம். ஒரு கேசட்டை எத்தனை வகுப்புக்கு ஓட்டினோமோ, நாடா தேய்ந்து ஆண் குரலும் பெண் குரலும் ஒன்றுபோல் கேட்கும்.

லிசனிங்கில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். முதல் பகுதி சுலபமானது என்று எல்லோரும் சொல்வார்கள்: ஒருவர் போனில் வீடு வாடகைக்குக் கேட்பார், பெயர், முகவரி, போன் எண். அங்கேதான் எங்கள் பிள்ளைகள் மதிப்பெண்ணைத் தவறவிட்டார்கள். சுழியத்தை ‘ஓ’ என்பார் ஆங்கிலேயர். நாம் ‘ஜீரோ’வுக்குக் காத்திருப்போம். ஆஸ்திரேலியர் ‘ஏ’ என்ற எழுத்தைச் சொன்னால் நம் காதில் ‘ஐ’ என்று விழும். இதைவிடப் பெரிய சேதம் சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’. பதில் பன்மை, வேகமான பேச்சில் அந்த ‘ஸ்’ அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஸ்டூடன்ட்’ என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. பாதி மதிப்பெண் தரும் வழக்கமே அங்கு கிடையாது. ஒருவருக்கு ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே நின்றது சில ‘ஸ்’கள் மட்டுமே என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. காதைப் பழக்குவதுதான் வழி. பிபிசி சிற்றலைச் செய்தியை ஐந்து நிமிடம் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்வேன். எழுதியதில் விட்டுப்போன சொற்களைச் சிவப்பில் சேர்த்தால் ஒவ்வொருவரின் காதும் எங்கே அடைக்கிறது என்று தெரியும். இன்று கைப்பேசியில் எத்தனையோ ஒலிப்பதிவு கிடைக்கிறது. பயிற்சி மட்டும் அதேதான். மாதிரித் தேர்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதில் காது வளராது. ஐந்து நிமிடத்தை ஒரு மணி நேரம் கேட்பவர்தான் முன்னேறுகிறார்.

ரீடிங்கில் ஒரு வகைக் கேள்வி உண்டு. கீழே உள்ள கூற்று பத்தியின்படி சரியா, தவறா, அல்லது பத்தியில் சொல்லப்படவே இல்லையா? நர்சுகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. காரணம் எனக்கு விளங்கச் சில காலம் ஆயிற்று. ஓர் ஆஸ்பத்திரியில் கை கழுவும் புதிய முறை கொண்டுவந்தார்கள் என்று பத்தியில் இருக்கிறது என்று வையுங்கள். அதற்குப் பிறகு தொற்று குறைந்தது என்று கூற்று. நர்ஸ் யோசிக்காமல் ‘சரி’ என்று போடுவார். கை கழுவினால் தொற்று குறையும் என்பது அவர் தினமும் கண்ட உண்மை. ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. ‘டீச்சர், குறையாமல் எப்படி இருக்கும்?’ என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். அவர் சொன்னது மருத்துவத்தில் சரி. தேர்வு கேட்பது மருத்துவத்தை அல்ல, தாளில் என்ன இருக்கிறது என்பதை. தனக்குத் தெரிந்ததைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தாளைப் பார்க்கும் பழக்கம், அனுபவம் கூடக் கூடக் கடினமாகிறது. புதிதாகப் படித்து முடித்த பெண்கள் இதில் சீனியர்களை முந்துவார்கள்.

ரைட்டிங் என்பது தனிக்கதை. இந்தத் தொழிலின் பணமும் பொய்யும் அதிகம் புழங்குவது அங்கேதான்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத வேண்டும். முதலாவது 150 சொற்களுக்குக் குறையாமல். நர்சுகள் எழுதும் அகாடமிக் பிரிவில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிக்க வேண்டும். இரண்டாவது 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. இதற்கு இரட்டிப்பு மதிப்பு. இங்கே ஒரு பழைய விவரத்தைச் சொல்ல வேண்டும். 2007 ஜூலை வரை ரைட்டிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் அரை பேண்ட் கிடையாது. ஆறு, இல்லையென்றால் ஏழு. ஏழை நெருங்கி வந்தவருக்கும் தாளில் ஆறு என்றுதான் வரும். எவ்வளவு நெருங்கினோம் என்றே தெரியாமல் பலர் விட்டுப் போனார்கள். அரை பேண்ட் வந்த பிறகு இன்னொரு வேதனை தொடங்கியது. ஆறரை, ஆறரை, மறுபடி ஆறரை.

அந்த ஆறரையை வைத்து வளர்ந்ததுதான் டெம்ப்ளேட் வியாபாரம். எந்தத் தலைப்பு வந்தாலும் எழுதலாம் என்று முன்னுரை, முடிவுரை, நடுவில் இணைக்கும் சொற்கள் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். தலைப்பை மட்டும் உள்ளே செருகினால் போதும் என்றார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து கட்டுரையை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைகள். நம்பாமல் என்ன செய்வார்கள்? ஆனால் திருத்துபவர் நான்கு அளவுகோலை வைத்திருக்கிறார். கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கருத்து தொடர்ச்சியாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. டெம்ப்ளேட் முதல் அளவுகோலிலேயே தோற்கிறது. ‘நகரங்களில் தனியார் கார்களைத் தடைசெய்ய வேண்டும் என்பதை எவ்வளவு தூரம் ஏற்கிறீர்கள்?’ என்று கேட்டால், மனப்பாடம் செய்தவர் காரின் நன்மை ஒரு பத்தி, தீமை ஒரு பத்தி என்று எழுதிவிட்டுப் போவார். அவர் ஏற்கிறாரா, மறுக்கிறாரா என்பது எங்கும் இருக்காது.

நான் வகுப்பில் செய்வது மிகவும் மெதுவான வேலை. கட்டுரையை உடனே எழுத விடுவதில்லை. முதலில் கேள்வியைப் படித்துவிட்டு, உங்கள் பதிலைத் தமிழில் எனக்குச் சொல்லுங்கள் என்பேன். ‘தடை வேண்டாம் டீச்சர், ஆம்புலன்ஸ் வராத ஊரில் கார்தான் உயிரைக் காப்பாற்றுது’ என்று ஒரு பெண் சொன்னார். இதோ, கட்டுரை வந்துவிட்டது. ஒரு நிலைப்பாடு, அதற்கு அவர் கண்ணால் கண்ட ஒரு காரணம். அதை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். நீளமான சொல் தேவையில்லை. ‘பத்து வருஷமாக வேலை செய்கிறேன்’ என்பதைச் சரியான காலத்தில் எழுத வேண்டும். ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதாமல் இருக்க வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன் ‘எ’யும் ‘த’வும் இடம் அறிந்து வர வேண்டும். தமிழில் இல்லாத இந்தச் சின்னச் சொற்கள் கடைசி வரை தொல்லை தரும். ஒரே கட்டுரையைத் திருத்தி, மறுபடி எழுதி, மறுபடி திருத்தி, நான்காம் முறை எழுதும்போது கை தானாகப் போடத் தொடங்கும்.

குவைத்தில் வேலை பார்த்துக்கொண்டே லீவில் வந்து வந்து எழுதிய ஒரு பெண்ணை மறக்க முடியாது. லிசனிங் எட்டு, ரீடிங் ஏழரை, ஸ்பீக்கிங் ஏழரை. ரைட்டிங் ஆறரை. ஒவ்வொரு லீவிலும் ஒரு தேர்வு. ஊரில் இருக்கும் பிள்ளையோடு இருக்க வேண்டிய நாட்கள் என் வகுப்பில் கழிந்தன. ஒருமுறை மறுமதிப்பீடு கேட்டார். தேர்வு எழுதிய ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும், பேண்ட் கூடினால் கட்டணம் திரும்பி வரும். கூடவில்லை. விட்டுவிட்டார். 2018 டிசம்பரில் என்எம்சி, அதாவது பிரிட்டனில் நர்சுகளைப் பதிவு செய்யும் கவுன்சில், ரைட்டிங்குக்கு மட்டும் ஆறரை போதும் என்று விதியைத் தளர்த்தியது. எனக்கு முதலில் நினைவு வந்தவர் அவர்தான். போன் செய்தேன். முடிவுத்தாள் இரண்டு ஆண்டுதான் செல்லும். அவருடையது காலாவதியாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மறுபடி எழுத மனம் வரவில்லை என்றார். அந்த அரை பேண்டால் அவருடைய நர்சிங் ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மதிப்பெண்ணின் எல்லையை ஓர் அலுவலகம் எங்கே வரைகிறதோ, அங்கே ஒரு குடும்பத்தின் பத்தாண்டு நிற்கிறது. இதை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். விதி மாறும், அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அதற்கு ஓராண்டு முன்பே இன்னொரு மாற்றம் வந்திருந்தது. 2017 கடைசியில் என்எம்சி ஓஇடி தேர்வையும் ஏற்றுக்கொண்டது. ஓஇடி ஆஸ்திரேலியாவில் உருவான ஆங்கிலத் தேர்வு. மருத்துவம் சார்ந்த 12 தொழில்களுக்கானது. வரைபடமும் பொதுக் கட்டுரையும் இல்லை. நர்ஸ் எழுத வேண்டியது ஒரு கடிதம். பேச வேண்டியது ஒரு நோயாளியிடம். கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆனாலும் ஒரே ஆண்டுக்குள் என் வகுப்பில் பாதிக்கு மேல் ஓஇடிக்கு மாறிவிட்டார்கள். ஓஇடியில் வேண்டிய கிரேடு பி, அதாவது 500க்கு 350. 2020இல் ரைட்டிங்குக்கு மட்டும் 300 போதும் என்றானது.

நர்சுக்கு நர்ஸ் வேலையிலேயே தேர்வு என்றால் சுலபம்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள். கடிதம் அப்படி விடவில்லை. ஒரு பழைய மாதிரியைச் சொல்கிறேன். இன்றும் முதல் வாரத்தில் இதைத்தான் கொடுக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார். கேஸ் நோட்ஸில் இரண்டு பக்கம் விவரம்: சேர்த்த தேதி, அன்றன்றைய ரத்த அழுத்தம், இளம் வயதில் எடுத்த குடல்வால், மருந்துகள், மாடிப்படி உள்ள வீடு, மனைவி இறந்துவிட்டார், மகள் ஞாயிறு மட்டும் வருவாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் கம்யூனிட்டி நர்சுக்கு 180 முதல் 200 சொல்லில் கடிதம் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் படிக்க, நாற்பது நிமிடம் எழுத.

வருபவர்கள் எழுதும் முதல் கடிதம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். குடல்வால் இருக்கும். மூன்று நாள் ரத்த அழுத்தமும் வரிசையாக இருக்கும். தனியாக இருக்கிறார், மாடி ஏற வேண்டும் என்பது இருக்காது; இருந்தாலும் கடைசி வரியில் இருக்கும். எதையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் யாராவது கேட்பார்கள் என்ற பயம் வார்டிலிருந்து வருகிறது. அங்கே ஒரு எண் விடுபட்டால் மெமோ. இங்கே, கடிதத்தைப் படிப்பவருக்கு என்ன தேவை என்பதுதான் கேள்வி. அந்த நர்ஸ் திங்கட்கிழமை காலை கதவைத் தட்டும்போது எதைத் தெரிந்திருக்க வேண்டும்? ‘நீங்களே அந்த நர்ஸ், இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறது, போய் முதலில் என்ன பார்ப்பீர்கள்?’ என்று கேட்பேன். உடனே வந்துவிடும்: ‘காயம் எப்படி இருக்கு, பாத்ரூமுக்குத் தனியாப் போறாரா, ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஊசி யார் போடுறா?’ எழுதுங்கள் அதை. கடிதம் எதற்காக என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அதற்கென்றே திருத்துபவரிடம் தனி மதிப்பெண் இருக்கிறது. குடல்வாலைச் சிவப்பு மையால் அடிக்கும்போது சிலருக்குக் கை நடுங்கும். விடுவதற்கும் அறிவு வேண்டும் என்பது அந்த அடியில் தெரிகிறது.

ஓஇடி ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல் பிளே. கார்டைப் படிக்க மூன்று நிமிடம், பேச ஏறத்தாழ ஐந்து நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். அவர் மதிப்பெண் போடுவதில்லை, பதிவைக் கேட்டு வேறொருவர் போடுவார். வகுப்பில் நான்தான் நோயாளி. இன்சுலின் ஊசிக்குப் பயப்படும் சர்க்கரை நோயாளியாக உட்கார்வேன். நர்ஸ் வந்ததும் ‘டோன்ட் வொர்ரி, நத்திங் வில் ஹேப்பன்’ என்று ஆரம்பித்து, ஊசியை எந்தக் கோணத்தில் போட வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவார். என் பயம் என்ன என்று கேட்கவே மாட்டார். 2018இல் தேர்வை மாற்றியபோது நோயாளியின் பார்வையைப் புரிந்துகொள்வது, அவரோடு உறவு ஏற்படுத்துவது ஆகியவற்றுக்கும் மதிப்பெண் சேர்த்தார்கள். ‘உங்களுக்கு எதைப் பத்திக் கவலை?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள் என்று பழக்குவேன். அந்தச் சில வினாடி மௌனம் அவர்களுக்கு மிகவும் கடினம்.

இதில் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஒரு ஷிஃப்டில் ஒரு வார்டையே ஒருத்தி பார்க்கும் இடத்திலிருந்து வருகிறார்கள். எந்த நோயாளியிடம் நின்று கவலையைக் கேட்பது? ‘டீச்சர், இப்படிப் பேச எங்களுக்கும் ஆசைதான். நேரம் யார் தருவா?’ என்று ஒரு சீனியர் நர்ஸ் கேட்டார். வகுப்பே அமைதியாகிவிட்டது. ஊர் ஆஸ்பத்திரிகளை நடத்துபவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றைப் பார்த்தேன்: ரோல் பிளே பழகிய சிலர், ஊருக்குள்ளேயே வேலையில் பேசும் விதம் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். தேர்வுக்குப் படித்ததில் உண்மையாகவே கையில் தங்கியது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 11 முதல் 14 நிமிடம், எதிரே ஓர் எக்ஸாமினர். நடுவில் ஒரு கியூ கார்டு. ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். இரண்டு நிமிடம் ஆனதும் வாக்கியத்தின் நடுவில்கூட நிறுத்திவிடுவார். தோற்றுவிட்டோம் என்று அழுதுகொண்டு வெளியே வந்தவர்கள் உண்டு. நிறுத்துவது விதி, நீங்கள் நேரம் முழுக்கப் பேசினீர்கள் என்று அர்த்தம். மனப்பாடம் செய்ததைச் சொன்னால் குரல் தட்டையாகிவிடும், எக்ஸாமினருக்கு உடனே தெரியும். உச்சரிப்பில் வெள்ளைக்காரர் மாதிரிப் பேச முயல வேண்டாம். ‘எக்ஸாம்’ என்பதை ‘யெக்ஸாம்’ என்று தொடங்காமலும், சொல்லின் கடைசி மெய்யை விழுங்காமலும் பேசினாலே பெரும்பகுதி சரியாகும்.

கணினித் தேர்வு வந்த பிறகு காத்திருப்பு குறைந்தது. தாளில் எழுதினால் முடிவுக்கு 13 நாள். கணினியில் சில நாளிலேயே தெரிந்துவிடும். ஆனால் தாள் தேர்வில் லிசனிங் விடைகளை எடுத்தெழுத 10 நிமிடம் தருவார்கள். கணினியில் சரிபார்க்க இரண்டு நிமிடம்தான். டைப்பிங் பழகாத நர்சுகள் 250 சொல்லைத் தட்டுவதற்குள் நேரம் போய்விடும். அதனால் என் வகுப்பில் ஒரு மூலையில் இரண்டு கீபோர்டுகள் எப்போதும் இருக்கும். நான்கில் ஒன்றை மட்டும் திரும்ப எழுதும் வசதியும் இப்போது கணினித் தேர்வில் இருக்கிறது. 60 நாளுக்குள் எழுத வேண்டும். எல்லா நாட்டுக் கவுன்சிலும் அதை ஏற்பதில்லை. எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அங்கே ஏற்பார்களா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அந்தக் குவைத் நர்ஸ் போன்றவர்களுக்கு அன்றே இந்த வசதி இருந்திருந்தால் எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெயர் விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிதான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணங்களில் கணவர் பெயர் வந்திருக்கும். நர்சிங் பதிவுச் சான்றிதழில் பழைய இனிஷியல். ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு இங்கே பாஸ்போர்ட்தான் அடையாளம். அதில் உள்ளபடியே முடிவுத்தாளும் வரும். தேர்வில் வென்ற பிறகு இந்த நால்வரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சலில் முடிவுத்தாளின் இரண்டு ஆண்டு கரைந்துகொண்டிருக்கும். ஆகவே பயிற்சியில் சேர்வதற்கு முன்பே ஆவணங்களை மேசைமேல் பரப்பிப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் தேவையென்றால் அன்றே மனு கொடுங்கள். படிப்பும் அலைச்சலும் ஒரே காலத்தில் நடக்கட்டும்.

‘தேர்வே எழுத வேண்டாம், ஸ்கோர் வாங்கித் தருகிறோம்’ என்று பேசும் தரகர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். முடிவுத்தாளைப் பெறும் நிறுவனங்கள் அதன் எண்ணை வைத்து இணையத்தில் சரிபார்க்கின்றன. 2014இல் லண்டனில் வேறோர் ஆங்கிலத் தேர்வின் சில மையங்களில் ஆள்மாறாட்டம் நடந்ததை பிபிசி தொலைக்காட்சி வெளிக்கொண்டுவந்த பிறகு, பிரிட்டன் ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசாவை ரத்து செய்தது. தப்பே செய்யாதவர்களும் அதில் சிக்கி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். தரகர் பக்கம் போகும் ஒருவர் தன் பதிவை மட்டுமல்ல, பின்னால் வரும் நூறு பேரின் நம்பிக்கையையும் பணயம் வைக்கிறார்.

இப்போது பிரிட்டனில் ஆளெடுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறி வருபவர்களில் பலர் பக்கத்து அறையில் ஜெர்மன் பி2 படிக்கப் போகிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து என்று வருபவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு இன்னும் தேவைப்படுகிறது. தேவை குறையும்போதுதான் விளம்பரம் கூடுகிறது: முப்பது நாளில் உறுதி, தோற்றால் பணம் திரும்ப, தேதி எடுக்கும் பொறுப்பு எங்களுடையது. தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு ஸ்டாஃப் நர்சின் மாதச் சம்பளம் பல தனியார் ஆஸ்பத்திரிகளில் அந்த அளவுகூட இல்லை. மாதிரித் தேர்வுகளில் வேண்டிய மதிப்பெண் தொடர்ந்து வராதவரை தேதி எடுக்காதீர்கள். யாராவது ‘இப்போதே புக் செய், பயத்தில் படிப்பாய்’ என்று சொன்னால், அந்தப் பணம் அவருடையது இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கே சேர்வது என்று கேட்பவர்களிடம் நான் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. போய் இரண்டு விஷயம் கேளுங்கள் என்கிறேன். நான் எழுதும் கடிதத்தை யார் திருத்துவார், வாரத்துக்கு எத்தனை திருத்தித் தருவார்? அவர் திருத்திய ஒரு பழைய தாளைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் மதிப்பெண் மட்டும் போட்டிருந்தால் அது திருத்தல் ஆகாது. ஒவ்வொரு வரியிலும் பேனா பட்டிருக்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.